புதுப்பிப்பு: மின்சாரம் வந்தது, விளக்கம் வரவில்லை

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை புயலுக்குப் பின் இருளில் கிடப்பதைச் சென்ற இழையில் எழுதியிருந்தேன். நேற்று மாலை, நான்காம் நாளில், மின்சாரம் திரும்பியது.

எதிர்வீட்டில் விளக்கு எரிய எங்கள் வீடு மட்டும் ஏன் இருண்டது என்று பலர் கேட்டிருந்தீர்கள். வீதியோரம் செல்லும் 400 வோல்ட் இணைப்பில் மூன்று பேஸ்கள் (தனித்தனியே மின்சாரம் கொண்டுசெல்லும் கம்பிகள்) உள்ளன. பெரும்பாலான வீடுகள் அவற்றுள் ஒன்றிலிருந்தே 230 வோல்ட் பெறுவதால், மரக்கிளை விழுந்து ஒரு கம்பி அறுந்தாலும் மின்மாற்றியில் ஓர் உருகி (பியூஸ்) எரிந்தாலும் அந்தப் பேஸில் உள்ள வீடுகள் மட்டுமே இருளும். எங்களுக்கு நேர்ந்தது இரண்டாவது. உருகியை மாற்றக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

உயர் அழுத்த இணைப்புகளையும் வைத்தியசாலைகளையும் முதலில் கவனிப்பது நியாயமே. மழையில் கம்பத்தில் ஏறிய ஊழியர்கள்மீதும் எனக்குக் கோபமில்லை (அவர்கள் தேநீர் குடிக்கக்கூட நிற்கவில்லை). ஆனால் மின்மாற்றிக்கு மின்சாரம் வந்துவிட்டது என்பதற்காக, மின்சார அலுவலகம் வீடுகளில் யாரையும் விசாரிக்காமலே இரண்டாம் நாளே எங்கள் முறைப்பாட்டை "சீர்செய்யப்பட்டது" என்று மூடிவிட்டு, மூன்று முறை அழைத்தபோதும் கணினியில் அப்படித்தான் காட்டுகிறது என்று சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை.

முறைப்பாட்டை மூடியதற்கான காரணத்தை எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் வராவிட்டால், 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த, மின்சாரத் துறையை ஒழுங்குபடுத்தும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு எழுதுவேன்.