குடல் நுண்ணுயிர்ப் பரிசோதனை அறிக்கையை நம்பி மாத்திரை வாங்கலாமா?

அல்சூர்வாசி:
எனக்கு வயது 48. இரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுத்து வருகிறேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 7.2 சதவீதம். சென்ற மாதம் பெங்களூரில் ஒரு தனியார் ஆய்வகத்தில் பல ஆயிரம் ரூபாய் கட்டி மலப் பரிசோதனை செய்துகொண்டேன். பன்னிரண்டு பக்க அறிக்கை வந்தது: வாயில் நுழையாத பாக்டீரியாப் பெயர்கள், பக்கத்தில் சிவப்பும் பச்சையுமாகக் கட்டங்கள், கடைசிப் பக்கத்தில் அவர்களே விற்கும் மாத்திரைகளின் விலைப்பட்டியல். பருமனானவரின் குடல் நுண்ணுயிர்களைப் பெற்ற எலியும் கொழுத்தது என்று அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி கார்டன் குழுவினர் கண்டதைப் படித்திருக்கிறேன். அப்படியானால் நல்ல பாக்டீரியாவை மாத்திரையாக விழுங்கினால் போதாதா, சாப்பாட்டையும் மாற்றித்தான் ஆக வேண்டுமா?

எலகங்கா ஆய்வாளர்:
ஐயா, அந்த ஆய்வின் முதல் பாதியைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். தங்கள் கேள்விக்கு விடை இரண்டாம் பாதியில் இருக்கிறது. 2013இல் வெளிவந்த அந்த ஆய்வில், ஒருவர் பருமனாகவும் மற்றவர் மெலிந்தும் இருந்த இரட்டையரின் மலத்திலிருந்து எடுத்த நுண்ணுயிர்களை, எந்தக் கிருமியும் அண்டாமல் வளர்த்த எலிகளுக்குக் கொடுத்தார்கள். பிறகு இருவகை எலிகளையும் ஒரே கூண்டில் விட்டார்கள். எலிகள் ஒன்றின் எச்சத்தை மற்றொன்று தின்னும் பழக்கமுடையவை என்பதால் (முகம் சுளிக்க வேண்டாம், சோதனையே அதை நம்பித்தான் நடந்தது) மெலிந்தவரின் நுண்ணுயிர்கள் மற்ற எலியின் குடலில் குடியேறி, அது கொழுக்காமல் காத்தன. ஆனால் நார்ச்சத்து மிகுந்த, கொழுப்புக் குறைந்த தீனி போட்டபோதுதான் இது நடந்தது. நிறைவுற்ற கொழுப்பு மிகுந்து காய்கனி குறைந்த தீனியில் அதே நுண்ணுயிர்களால் வேரூன்ற முடியவில்லை.

மனிதர்களிடமும் ஏறக்குறைய இதே கதைதான். ஆம்ஸ்டர்டாமில் மெலிந்தவர்களின் மல நுண்ணுயிர்களைப் பெற்ற ஆண்களுக்கு ஆறு வாரத்தில் இன்சுலின் சற்று நன்றாக வேலை செய்தது. 2017இல் வந்த அடுத்த ஆய்வில் 18 வாரத்துக்குள் அந்தப் பயன் மறைந்துவிட்டது. இன்னொன்று: மெட்ஃபார்மினே குடல் நுண்ணுயிர்களை மாற்றுகிறது என்பது 2015 முதல் தெரிந்த செய்தி. எனவே தங்கள் அறிக்கையின் சிவப்புக் கட்டம் நோயைக் காட்டுகிறதா, மெட்ஃபார்மினின் விளைவைக் காட்டுகிறதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

மல்லேஸ்வரம் மீனா:
நான் விஞ்ஞானி அல்ல. வீட்டில் இரண்டு சர்க்கரை நோயாளிகளுக்குச் சமைப்பவள். நார்ச்சத்து நல்லது என்று கேட்டதும் ஒரே வாரத்தில் இரவுச் சோற்றை நிறுத்தி, ராகிக் களியும் கொள்ளும் முழுப் பயறும் போட்டேன். மாமனார் மூன்றாம் நாள் வயிறு உப்பி, நடுக்கூடத்தில் உட்கார்ந்தபடியே விடிய விடிய விழித்திருந்தார். பிறகு வாரத்துக்கு ஒரு கைப்பிடி என்று கூட்டினேன், பிரச்சினை இல்லை. ஒரு சந்தேகம்: தினமும் புளித்த மாவில் இட்லி சாப்பிடுகிறோமே, அது கணக்கில் வராதா?

எலகங்கா ஆய்வாளர்:
அம்மா, அந்த உப்புசத்துக்குக் காரணம் நுண்ணுயிர்களின் வேலையேதான். நம்மால் செரிக்க முடியாத நாரை அவை பெருங்குடலில் நொதிக்கச் செய்யும்போது வாயுவும், அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் ஆகிய குறுங்கொழுப்பமிலங்களும் உண்டாகின்றன. பியூட்டிரேட்தான் பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முதன்மை எரிபொருள். 100 கிராம் ராகியில் சுமார் 11 கிராம் நார் உண்டு, தீட்டிய அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. ஆனால் ராகி மாவும் மாவுதான், களியை உருட்டி உருட்டி விழுங்கினால் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

இட்லியைப் பொறுத்தவரை, மாவைப் புளிக்கவைக்கும் லூகோநாஸ்டாக் முதலான பாக்டீரியாக்கள் ஆவியில் வெந்து செத்துவிடுகின்றன. தயிர், மோர், பழைய சோற்று நீராகாரம் ஆகியவற்றில்தான் இத்தகைய பாக்டீரியாக்கள் உயிரோடு உள்ளே போகும். ஸ்டான்ஃபோர்டில் 36 பேரிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், பத்து வாரம் தயிர் போன்ற நொதித்த உணவுகளைக் கூடுதலாக உண்டவர்களின் குடலில் நுண்ணுயிர் வகைகள் பெருகி, அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. நாரை மட்டும் கூட்டியவர்களிடம் அந்தப் பெருக்கம் தென்படவில்லை. ஆனால் அந்த ஆய்வில் கலந்துகொண்ட அனைவரும் நலமானவர்கள், சர்க்கரை நோயாளிகள் அல்ல.

அல்சூர்வாசி:
அந்த ஆய்வகத்திடம் வாங்கிவிட்ட மாத்திரைப் பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்கிறேன். மதியத்துக்கு அரைச் சோறு, கூடக் கீரை, கடைசியில் மோர் என்று தொடங்கி, இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்த்துக் குறித்துவைத்து, அந்தத் தாளோடு மருத்துவரைப் பார்க்கப் போகிறேன்.