45 செ.மீ. உயர வாசல், சாய்தளத்துக்கு இடமில்லை: வழி சொல்லுங்கள்

திருச்சியில் பழைய அடுக்குமாடி வீடு. வாசல் தரையிலிருந்து 45 செ.மீ. உயரம், மூன்று படி. என் மனைவி சக்கர நாற்காலியில்தான் போய்வருகிறாள். போன வருடம் கட்டிய சாய்தளம் வெறும் 2 மீட்டர் நீளம். ஏறும்போது முன்சக்கரம் தூக்குகிறது. பின்னால் இருவர் பிடிக்க வேண்டும். மழை நாளில் அவள் வெளியே வருவதே இல்லை.

2021ஆம் ஆண்டு மத்திய அரசு வழிகாட்டுதல்படி சாய்வு 1:12. அதாவது 1 செ.மீ. உயரத்துக்கு 12 செ.மீ. நீளம், எங்கள் வாசலுக்கு 5.4 மீட்டர் வேண்டும். சுற்றுச்சுவர் வரை இருப்பதோ 3 மீட்டர், அகலவாக்கில் 4. இரண்டாக மடக்கிக் கட்டலாம் என்றால், திரும்பும் இடத்துக்கே 1.5 மீட்டர் போய்விடுகிறது. மடக்கு அலுமினியச் சாய்தளமும் வாங்கிப் பார்த்தோம், அதே செங்குத்து, போதாததற்கு வழுக்கல். தெருப்பக்கம் நீட்டினால் வடிகாலும் நடைபாதையும் அடைபடும். அது இன்னொருவருக்குத் தடை, எனக்கு மனமில்லை. மேஸ்திரி “இவ்வளவுதான் சார் வரும்” என்று கைவிரித்துவிட்டார். குடியிருப்போர் சங்கம் சம்மதித்துவிட்டது, அப்புறம் செலவையும் பகிர்ந்துகொள்கிறார்கள்.

இதே அளவு இடத்தில் 1:12 சாய்தளம் கட்டியவர்களோ, சிறிய செங்குத்து லிஃப்ட் வைத்தவர்களோ இருந்தால், எது சரிப்பட்டு வந்தது என்று சொல்வீர்களா?