சிம்கோ ஏரியில் பெர்ச்: தண்ணீரையும் தரையையும் பார்த்துத் தூண்டில் போடுங்கள்

கேள்வி: டொராண்டோவுக்கு வந்து ஓராண்டு ஆகப்போகிறது. விடுமுறை நாட்களில் சிம்கோ ஏரிக்குப் போகிறோம். பக்கத்தில் நிற்பவருக்கு மஞ்சள் பெர்ச் மீன் வரிசையாகக் கிடைக்கிறது, எங்களுக்கு ஒன்றிரண்டுதான். அவர் போடுவதும் மண்புழுதான். என்ன செய்யலாம் அண்ணா?

பதில்: தம்பி, இரையை விடுங்கள், தண்ணீரைப் பாருங்கள். பெர்ச் கண்ணை நம்பி வாழும் மீன். பகலில் கூட்டமாக மேயும், இருட்டிவிட்டால் அடியில் அடங்கிவிடும்.

1980களின் கடைசியில் கனடா-அமெரிக்க எல்லையிலுள்ள பெரிய ஏரிகளுக்குள் (Great Lakes) வந்த ஸீப்ரா சிப்பிகள் பிறகு சிம்கோவிலும் பரவின. அவை ஓயாமல் தண்ணீரை வடிகட்டுவதால் ஏரி தெளிந்துவிட்டது. வெளிச்சம் கீழே வரை இறங்குகிறது, நீர்ச்செடிகளும் முன்பைவிட ஆழத்தில் முளைக்கின்றன. இப்படிப்பட்ட தண்ணீரில் உச்சி வெயிலில் கரையோரம் நின்று பயனில்லை. மீன் ஆழத்துக்கோ செடி நிழலுக்கோ ஒதுங்கியிருக்கும். காலையிலோ, மேகம் மூடிச் சிற்றலை ஓடும் நாளிலோ போங்கள். நான்கு பவுண்டு எடை தாங்கும் தூண்டில் நரம்பும் சிறிய தூண்டில் முள்ளும் போதும். தடித்த நரம்பைத் தெளிந்த தண்ணீரில் மீன் கண்டுகொள்ளும்.

காற்றடித்துக் கலங்கிய நாளில் கதை வேறு. எட்ட இருக்கும் இரை மீனுக்குத் தெரியாது. முள்ளுக்கு மேலே பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது மஞ்சள் மணி கோத்து, ஒரே இடத்தில் மெதுவாக ஆட்டிக்கொண்டிருங்கள். தண்ணீர் முழுவதும் சேற்று நிறமானால் அங்கே நேரத்தைச் செலவிடாதீர்கள். கலங்கலும் தெளிவும் சந்திக்கும் ஓரத்தைத் தேடிப் போங்கள்.

அப்புறம் ஏரியின் அடித்தரை. இதைத்தான் பலர் கவனிப்பதே இல்லை. அடித்தரையைத் திரையில் காட்டும் சோனார் கருவி இல்லாவிட்டாலும் ஈயக்குண்டே சொல்லிவிடும். அடியில் விட்டு மெல்ல இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் மணல், டக் டக்கென்று தட்டினால் சரளை, புதைந்து பிடித்துக்கொண்டால் சேறு. கரகரவென்று உரசினால் சிப்பி ஓடுகள். அது நரம்பை அறுக்கும், அடிக்கடி தடவிப் பாருங்கள். ஒரே மாதிரித் தரையைவிட ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கும் விளிம்புதான் என் முதல் தேர்வு. செடி முடிந்து மணல் தொடங்கும் இடம், சரளை இறங்கிச் சேற்றில் கலக்கும் இடம் என்று தேடுங்கள். சேறு என்றதும் ஒதுக்கிவிடவும் வேண்டாம். பூச்சிப்புழுக்கள் அதற்குள்தான் வாழ்கின்றன. குளிர்காலத்திலும் வசந்தத்திலும் பெர்ச் அவற்றைத் தேடி வரும். இரை தரைக்கு ஒரு சாண் மேலே நிற்கட்டும், சேற்றில் புதைந்தால் மீன் கண்ணில் படாது.

செடியிலும் பச்சையாக நிமிர்ந்து நிற்பதைத் தேர்ந்தெடுங்கள். பழுத்து அழுகும் செடி தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும், மீன் அங்கே தங்காது. ஏரியின் தெற்கே குக்ஸ் பே என்ற விரிகுடா ஆழம் குறைந்தது, செடி நிறைந்தது. மேற்கே பாரி நகரின் பக்கம் கெம்பன்ஃபெல்ட் பே மிக ஆழமானது. இரண்டு இடத்திலும் ஒரே முறை செல்லாது.

கேள்வி: நன்றி அண்ணா. என்னோடு வரும் நண்பர் வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அவரும் என்னைப் போலவே மீன்பிடி உரிமம் எடுக்கலாமா?

பதில்: முடியாது. ஒன்டாரியோ மாகாணவாசி என்ற கணக்கில் எடுக்க, விண்ணப்பிக்கும் முன்பான 12 மாதங்களில் தொடர்ந்து 6 மாதமாவது இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். கனடாவுக்கே புதியவர் என்றால் வெளிநாட்டவர் உரிமம்தான். உரிமத்தில் இரண்டு வகை உண்டு: முழு அளவு பிடிக்க ஸ்போர்ட், குறைந்த அளவு போதும் என்பவர்களுக்குக் கன்சர்வேஷன். சிம்கோவில் ஸ்போர்ட் உரிமத்துக்கு 50 பெர்ச், கன்சர்வேஷன் உரிமத்துக்கு 25 வரை வைத்துக்கொள்ளலாம். அளவு நிறைந்ததும் ஆழத்தில் பிடிப்பதை நிறுத்திவிடுங்கள். ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வரும் பெர்ச்சுக்குக் காற்றுப்பை உப்பிவிடும், திரும்ப விட்டாலும் பிழைக்காமல் போகலாம்.