செக்ரோல் மேக்ரோ ஓடவில்லை, யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்ட ஆபீசில் கிராணியாக (எழுத்தராக) இருக்கிறேன். எனக்கு முன்பிருந்த பெரிய கிராணி எக்செல்லில் ஒரு செக்ரோல் (தொழிலாளர் வேலை, சம்பளப் பதிவேடு) செய்து வைத்திருந்தார். டூல்பாரில் ஒரு பட்டனை அழுத்தினால் போதும், மேக்ரோ என்கிற சின்ன நிரல் தானாக ஓடும். ஆள்வாரியாகக் குலை எண்ணிக்கை, ஓவர்டைம், இபிஎஃப் (சேமநிதி) எல்லாம் கூட்டிச் சம்பளச் சீட்டு வந்துவிடும். அவ்வளவு அருமையான வேலை.

போன வாரம் கம்ப்யூட்டரை மாற்றினார்கள். அது பழைய .எக்ஸ்எல்எஸ் ஃபைல் என்பதால் பட்டன்கள் 'ஆட்-இன்ஸ்' டேபில் தெரிகின்றன. ஆனால் மேக்ரோவைத் தடுத்துவிட்டதாகச் சிவப்புப் பட்டை வந்தது. ஃபைலை எனக்கு இமெயிலில் அனுப்பியிருந்தார்கள், அதனால்தான் போல. 2022 முதல் வெளியிலிருந்து வரும் ஃபைல்களுக்கு இப்படித்தானே. ப்ராப்பர்ட்டீஸில் 'அன்பிளாக்' டிக் செய்தேன், சிவப்புப் பட்டை போய்விட்டது. அப்புறமும் பட்டனை அழுத்தினால் மேக்ரோவை ஓட்ட முடியாது என்கிறது. எக்செல்லின் பாதுகாப்பு அமைப்புகள் உள்ள டிரஸ்ட் சென்டரில் எல்லாத் தேர்வும் மங்கலாக இருக்கிறது, தொட முடியவில்லை.

தலைமை ஆபீஸ் போட்ட பூட்டாக இருக்கும், அதை உடைக்கும் வழி வேண்டாம், அது தப்பு. தலைமை ஆபீஸ் ஐடியிடம் சரியாக என்ன கேட்பது? ஒரு ஃபோல்டரை மட்டும் 'டிரஸ்டட் லொக்கேஷன்' (நம்பகமான இடம்) ஆக்கச் சொல்வதா, மேக்ரோவுக்கு டிஜிட்டல் கையெழுத்து வாங்குவதா? எதற்கு அவர்கள் சுலபமாகச் சம்மதிப்பார்கள்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சட்டப்படி மாதம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் போட்டாக வேண்டும். இப்போது கால்குலேட்டரில் கூட்டிக்கொண்டிருக்கிறேன். ஒருவர் கணக்கில் பிசகினாலும் அந்த வீட்டுச் செலவு இடிக்கும், அதுதான் பயம்.