எடை பார்த்தாச்சு, ரத்தமும் எடுத்தாச்சு, அப்புறம்?

தாராவிக்காரன்:
மும்பையில எங்க சாலுக்கு, அதான் வரிசை வீட்டுக்கு, பல்கலைக்கழக ஆய்வு மையத்து ஆளுங்க மறுபடியும் வந்திருக்காங்க. கழுத்துல 'சமூக நலவாழ்வு'ன்னு அட்டை. எடை, பிரஷர், என்ன சாப்பிடுறீங்க, கக்கூஸ் எங்கன்னு கேள்வி மேல கேள்வி. இதுக்கு முன்ன வேற ஒரு மையம் வந்து ரத்தம் எடுத்துட்டுப் போச்சு. ரிப்போர்ட் இன்னும் வரல. இனிமே கதவைத் திறக்கக் கூடாதுங்கறதுதான் என் கட்சி.

தேவனார் செல்வி:
கோபம் நியாயம்தான் அண்ணாச்சி. ஆனா டிபியையே எடுத்துக்கோங்க. மங்களூரு யேனபோயா பல்கலைக்கழக ஊட்டச்சத்து மையமும் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் 2019-லேர்ந்து 2022 வரை ஜார்க்கண்ட்ல 'ரேஷன்ஸ்'னு ஒரு ஆய்வு பண்ணாங்க. நோயாளிங்க 2,800 பேர், அவங்க வீட்டு ஆளுங்க 10,345 பேர். ஒரு பகுதி வீட்டு ஆளுங்களுக்குத் தலைக்கு மாசம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, கூடவே சத்து மாத்திரை கொடுத்தாங்க. அவ்வளவுதான். அந்த வீடுகள்ல புதுசா டிபி வர்றது 39 சதவீதம் குறைஞ்சுது. 2023-ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்துச்சு. 2024 நவம்பர்ல டிபி நோயாளிக்கு அரசு தர்ற மாசப் பணம் 500 ரூபாய்லேர்ந்து 1,000 ஆச்சு. ஆய்வு ஒண்ணுதான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா பணத்தைக் கூட்டிக் கேக்கிறவங்க கையில ஒரு கணக்கு இருந்துச்சு.

தாராவிக்காரன்:
அப்ப மீதி வீட்டு ஆளுங்களுக்கு அரிசி கிடையாது! பட்டினி கிடந்தா சீக்கு வரும்னு எங்க ஆச்சிக்கே தெரியும்.

தேவனார் செல்வி:
ஆச்சிக்குத் தெரியும், டெல்லியில ஃபைல் பார்க்கிறவருக்குத் தெரியணுமே! அப்புறம், அரிசி கிடைச்ச வீடு, கிடைக்காத வீடு ரெண்டுலயும் நோயாளிக்குச் சாப்பாடு கொடுத்தாங்க. அதை விட்டுட்டீங்க.

மான்குர்ட் மாரி:
நான் லல்லுபாய் காம்பவுண்ட், குடிசைக்காரங்களுக்குக் கட்டிக் கொடுத்த அடுக்குமாடி. 2018-ல டாக்டர்ஸ் ஃபார் யூங்கற தொண்டு அமைப்பு எங்க காம்பவுண்டையும் அதே மாதிரி இருக்கிற நட்வர் பாரேக் காம்பவுண்டையும் ஆராய்ஞ்சுது. கட்டடம் ஒட்டி ஒட்டி நிக்குது, கீழ் மாடிக்கு வெயிலும் காத்தும் வரல, டிபிக்கும் இதுக்கும் தொடர்பு இருக்குன்னு எழுதினாங்க. பேப்பர்லயும் வந்துச்சு. கட்டடம் அப்படியேதான் நிக்குது. பட்டப்பகல்ல லைட்டைப் போட்டுக்கிட்டுதான் இதை டைப் பண்றேன்.

தேவனார் செல்வி:
மாரி அண்ணே, இப்ப தாராவியை இடிச்சுக் கட்டப் போறாங்க. ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல எவ்வளவு இடம் விடணும்னு கேக்கப் போனா அந்த அறிக்கையைத்தானே கொண்டு போகணும்? அண்ணாச்சி மருந்து வாங்கப் போற சோட்டா சயான் ஆஸ்பத்திரியும் சயான் மெடிக்கல் காலேஜ் நடத்துறதுதான், அங்கயும் கேள்வி கேக்கத்தான் செய்றாங்க.

தாராவிக்காரன்:
அங்க மருந்து கொடுத்துட்டுக் கேள்வி கேக்கிறான். அதைத்தான் நானும் சொல்றேன். கேக்கிறவன் எதையாவது கொடுக்கணும். ரிசல்ட்டை வீட்டுக்குக் கொண்டு வரட்டும். சுகர் ஏறியிருந்தா எங்க போய் யாரைப் பார்க்கணும்னு சீட்டு எழுதித் தரட்டும். தமிழ்ல.

தேவனார் செல்வி:
சம்மதப் படிவம் நமக்குப் புரியற பாஷையில இருக்கணும்னு ஐசிஎம்ஆர், அதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட 2017 நெறிமுறையே சொல்லுது. தாராளமா கேளுங்க.

மான்குர்ட் மாரி:
எங்க பக்கம் ஆய்வுக்காரங்க ஞாயித்துக்கிழமை வர்றாங்களாம். படிவத்தை போட்டோ எடுத்து இங்க போடுறேன். மராத்தியும் இந்தியும் மட்டும் இருந்தா கையெழுத்து கிடையாது.