சென்னை கிளாம்பாக்கம் – ஏர்போர்ட்: காலை ஆபீஸ் நேர எம்டிசி (மாநகர) பஸ்ஸில் பெட்டியோடு போக முடியுமா?

தெற்கத்திப் பயணி:
திருநெல்வேலியிலிருந்து வரும் அரசு விரைவுப் பேருந்து திங்கட்கிழமை காலை 6 மணி வாக்கில் கிளாம்பாக்கம் சேரும். டெல்லி விமானம் 10.15-க்கு. செக்-இன் போட வேண்டிய பெரிய சக்கரப்பெட்டி ஒன்று, முதுகுப்பை ஒன்று. டாக்ஸி வேண்டாம் என்று பார்க்கிறேன். வேலைக்குப் போகிறவர்கள் ஏறும் டவுன் பஸ்ஸிலேயே போய்விடலாமா? எதில் ஏறி எங்கே இறங்குவது?

ஜிஎஸ்டி ரோடு:
போகலாம். ஏறத்தாழ 16 கி.மீ., முழுக்க ஜிஎஸ்டி (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலைதான். கிளாம்பாக்கத்தில் வெளியூர் பஸ் நிற்கும் இடம் வேறு, மாநகரப் பேருந்து நிற்கும் இடம் வேறு. பெட்டியை இழுத்துக்கொண்டு போக 10 நிமிடம் தனியாக வையுங்கள்.

பஸ் நம்பரை விட அது போகும் வழியைப் பாருங்கள். கிண்டி வழியாகப் போகிற எல்லா வண்டியும் ஏர்போர்ட் வாசலைத் தொட்டுத்தான் போகும்: பிராட்வே போகும் 21ஜி, 18ஏ, கோயம்பேடு போகும் 70வி. ஏமாறுவது கோயம்பேடு போர்டில்தான். அங்கேயே போகும் 104 வரிசை வண்டிகள் பெருங்களத்தூரில் மதுரவாயல் பைபாஸ் ஏறிவிடும், ஏர்போர்ட் பக்கமே வராது. படியில் கால் வைக்கும் முன் "கிண்டி வழியா?" என்று கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

டிக்கெட் "ஏர்போர்ட்" என்று கேட்டு வாங்குங்கள். மீனம்பாக்கம் விமான நிலையம் என்று சொல்லிச் சொல்லியே பலர் மீனம்பாக்கத்துக்கு எடுத்துவிடுகிறார்கள். அந்த நிறுத்தம் ஏர்போர்ட்டைத் தாண்டி இருக்கிறது. அப்படித் தவறவிட்டால் திரும்பி நடக்காதீர்கள். மீனம்பாக்கம் மெட்ரோவில் ஏறினால் அடுத்த ஸ்டேஷனே விமான நிலையம்.

தாம்பரம் பக்கமிருந்து வரும் பஸ் விமான நிலையப் பக்கமே நிற்கும், ரோட்டைக் கடக்கும் வேலை இல்லை. கிண்டியிலிருந்து வருகிறவர்கள்தான் எதிரே திரிசூலம் ஸ்டேஷன் ஓரம் இறங்கி சுரங்கப்பாதையில் வர வேண்டும். பஸ் டெர்மினலுக்குள் போகாது. நிறுத்தத்திலிருந்து பெட்டியோடு 10–15 நிமிட நடை.

தாம்பரம் லோக்கல்:
வழியெல்லாம் சரி. ஆனா திங்கட்கிழமைன்னு எழுதியிருக்காரே, அதை விட்டுட்டீங்க! சனி ஞாயிறு ஊருக்குப் போனவங்க மொத்தமும் திங்கள் விடியல்லதான் கிளாம்பாக்கத்துல வந்து இறங்குவாங்க. ஆபீஸ் கூட்டமும் அதே நேரம். 6.30-க்குள்ள பஸ் கிளம்பினா முக்கால் மணி நேரத்துல போயிடலாம். 7.30 தாண்டிடுச்சுன்னா பெருங்களத்தூர், தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம்னு ஒவ்வொரு இடமா நிக்கும். ஒண்ணேகால் மணி நேரம் ஆனாலும் கேக்க முடியாது.

ஊர்லேர்ந்து வர்ற வண்டி லேட்டா வந்தா தாம்பரம் வரைக்கும் மட்டும் டவுன் பஸ். அங்கிருந்து பீச் ஸ்டேஷன் போற மின்சார ரயில். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், நாலாவது திரிசூலம். ரோட்டு நெரிசல் அதைத் தொடாது. தாம்பரத்துலயே புறப்படுற வண்டியாப் பாத்து ஏறுங்க, பெட்டி வைக்க இடம் கிடைக்கும். செங்கல்பட்டுலேர்ந்து வர்றது நிரம்பித்தான் வரும். ஃபாஸ்ட் லோக்கல் திரிசூலத்துல நிக்காது, அறிவிப்பைக் கேட்டுட்டு ஏறுங்க. ஞாயிறுல ரயில் குறைவு, அதனால இந்தக் கணக்கு வார நாளுக்குத்தான்.

ஜிஎஸ்டி ரோடு:
ரயில் மாறுவதில் படிக்கட்டு உண்டே. தாம்பரத்தில் ஒரு தடவை, திரிசூலத்தில் ஒரு தடவை என்று 20 கிலோ பெட்டியைத் தூக்கி ஏற வேண்டும். அவர் 6 மணிக்கே வந்துவிட்டால் நேர் பஸ்தான் நல்லது.

பின்படிக்கட்டு:
பஸ்ஸுக்குள் பெட்டியை எப்படி வைப்பது என்று யாரும் சொல்லவில்லை. தாழ்தள பஸ்ஸுக்காக ஒரு வண்டியை விட்டுவிட்டுக்கூட நிற்கலாம், படி ஏறாமல் பெட்டியை உள்ளே தள்ளிவிடலாம். பழைய வண்டியில் மூன்று படி, நடுவழி ஒடுக்கம். புறப்படும் இடத்திலேயே ஏறுவதுதான் உங்களுக்கு இருக்கும் பெரிய வசதி. முதல் ஆளாக ஏறி, ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, பெட்டியைக் கால்களுக்கு நடுவே செங்குத்தாக நிறுத்துங்கள். சக்கரம் வழிப்பக்கம் இருந்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் ஓடும். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டால் வாங்கிவிடுங்கள், சில்லறை கையில் இருக்கட்டும்.

பல்லாவரம் தாண்டும்போதே எழுந்து வாசலுக்கு நகருங்கள். நிறுத்தம் வந்தபின் எழுந்தால் கூட்டத்தைப் பிளந்துகொண்டு பெட்டியோடு இறங்க முடியாது. மீனம்பாக்கம் போய்ச் சேர்கிறவர்களில் பாதிப்பேர் இப்படித்தான்.

தெற்கத்திப் பயணி:
நன்றி. அப்படியானால் 6.30 பஸ், பெட்டியோடு 7.45-க்கு வாசலில் இருக்கலாம் போல. எந்த டெர்மினல் என்று டிக்கெட்டில் கவனிக்கவில்லை, உள்நாட்டுக்கு ஒன்றுதானே?

ஜிஎஸ்டி ரோடு:
இல்லை, டி1, டி4 என்று இரண்டு. நடுவில் பன்னாட்டு டி2 நிற்கிறது. மாறிப் போனால் பெட்டியோடு இன்னொரு நடை. வீட்டிலேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பெட்டி போடும் கவுன்ட்டரை பொதுவாக 60 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள், உங்கள் கணக்கில் 9.15. கிளாம்பாக்கத்தில் மணி 7.45 ஆகியும் பஸ் கிளம்பவில்லை என்றால் தாம்பரம் ரயிலுக்கு மாறிவிடுங்கள், படிக்கட்டு இருந்தாலும் பரவாயில்லை.