மரிட்சா ஆற்றுப் பாலம் சினான் கட்டியதுதானா?

கேள்வி:
பல்கேரியாவின் தென்கிழக்கு மூலையில், துருக்கிக்கும் கிரேக்கத்துக்கும் அருகிலுள்ள சிற்றூரான ஸ்விலென்கிராதில், மரிட்சா ஆற்றின் குறுக்கே 1529-இல் நிறைவுற்ற முஸ்தபா பாஷா கற்பாலம் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. சிலர் இதை ஒட்டோமான் பேரரசின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞரான மிமார் சினானின் முதற்பணிகளுள் ஒன்று என்கிறார்கள், சிலர் மறுக்கிறார்கள். அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
சினான் அரண்மனையின் தலைமைக் கட்டடக் கலைஞரானது 1539-இல்தான். பாலம் முடிந்த ஆண்டில் அவர் சுல்தானின் காலாட்படையான ஜானிசாரிப் படையில் இருந்தார். அப்படையிலும் பாலம் கட்டும் வேலை உண்டு என்பதால் அவர் இதில் கைவைத்திருக்கவே முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால், 295 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு பாலத்தின் முழுப் பொறுப்பும் அன்று அவரிடம் இருந்தது என்பதை ஏற்க எனக்குத் தயக்கம். அவரது கைத்திறனைக் காண விரும்புபவர் போஸ்னியாவிலுள்ள, 1577-ஆம் ஆண்டின் விஷெகிராத் பாலத்தைப் பார்ப்பதே நல்லது.

மறுமொழி 2:
முந்தைய பதிவர் சொல்வது சரிதான். ஆயினும் சினானின் பணிகள் என்று பழைய நூல்கள் தரும் பட்டியலில் மரிட்சா மீதான முஸ்தபா பாஷா பாலமும் இடம்பெறுவதால், அந்தப் பெயரை முற்றிலும் ஒதுக்கிவிடவும் இயலவில்லை. எனக்கு இதைவிடச் சுவையாகத் தோன்றுவது, பாலம் ஊரை உருவாக்கிய விதம். கட்டச் செய்தவர் சுலைமான் சுல்தானின் அமைச்சரான சோபான் முஸ்தபா பாஷா. அவரும் 1529-இலேயே இறந்துபோனார். இஸ்தான்புல்லிலிருந்து எதிர்னே வழியாகப் பால்கன் உட்பகுதிக்குச் செல்லும் பெருவழி ஆற்றைக் கடந்த இடம் இது என்பதால், பாலத்தையொட்டி வணிகர் சத்திரம் முதலியவை எழுந்து, அவற்றைச் சுற்றி ஊர் வளர்ந்தது. அவ்வூரின் பெயரே நெடுங்காலம் பாலத்தின் பெயராகத்தான் இருந்தது. 1912-இல் முதலாம் பால்கன் போரில் பல்கேரியப் படை ஊரைக் கைப்பற்றிய பிறகுதான் ஸ்விலென்கிராத் என்ற பெயர் வந்தது. 'ஸ்விலா' என்றால் பட்டு. பட்டுப்புழு வளர்ப்பால் அறியப்பட்ட ஊருக்கு அது பொருந்தும் பெயரே. (சுல்தான் பாலத்தை விலைக்குக் கேட்டார், பாஷா மறுத்தார் என்றொரு கதையும் அங்கே வழங்குகிறது. கதையாகவே கேட்க வேண்டியது.)

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. கட்டடக் கலைஞரின் பெயர் பாலத்திலேயே எங்காவது பொறிக்கப்பட்டுள்ளதா?

மறுமொழி 1:
பாலத்திலுள்ள அரபிக் கல்வெட்டு, சுல்தானையும் அமைச்சரையும் போற்றி, ஹிஜ்ரி 935 (இஸ்லாமிய ஆண்டுக் கணக்கு; கி.பி. 1528-29) என்ற ஆண்டைத் தருகிறது. கட்டச் செய்தவரைப் பாடுவதே அக்காலக் கல்வெட்டுகளின் வழக்கம். கட்டியவருக்கு அவற்றில் இடம் கிடைப்பது அரிது. ஆகவே உங்கள் கேள்விக்கான விடையை அந்தக் கல்லில் தேட வேண்டாம்.